பட்டியலில் வராத என்கோடர்: களுவாஞ்சிகுடி ஸ்டூடியோ ஒன்றின் நேரலைக் கணினி பற்றிய நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் இயங்கும் சிறிய வீடியோ ஸ்டூடியோ ஒன்று, கலியாண வீடுகளையும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் கோயில் சடங்குகளையும் யூடியூபில் நேரலையாக அனுப்பி வருகிறது. பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் சுவிஸ், லண்டன், கனடா என்று பிரிந்து வாழும் ஊரவர்கள். லீவு கிடைக்காத ஆண்டுகளில் வைகாசி மாதத்துக் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கை அவர்கள் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். ஆகவே படம் விட்டுவிட்டு ஓடினால் அன்றிரவே ஸ்டூடியோ உரிமையாளருக்கு அழைப்புகள் வந்துவிடும். அவருடைய கணினி, குளிர்த்திக் காலம் நெருங்கிய வேளையில் பரிசோதனைக்காக என்னிடம் வந்தது.

அவர் சொன்ன முறைப்பாடு சுருக்கமானது. “தம்பி, கிராபிக்ஸ் கார்ட் புதுசாப் போட்டாச்சு, டிரைவரும் போட்டாச்சு. ஆனா ஓபிஎஸ்ல என்வென்க் எண்ட பேரே வருதில்லை” என்றார். ஓபிஎஸ் என்பது கமராப் படங்களை ஒன்றுசேர்த்து நேரலையாக அனுப்பும் மென்பொருள். அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கும் பகுதிதான் என்கோடர்; என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்ட்டுகளில் உள்ள என்கோடரின் பெயர் என்வென்க். டிரைவர் என்பது கார்ட்டை விண்டோஸுடன் பேச வைக்கும் நிரல். படம் திக்கித்திக்கி ஓடுகிறது என்ற புகார் வந்தபோது, கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டால் புரொசசரின் பாரம் குறையும் என்று யாரோ அவருக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். ஆலோசனை சரியானதுதான். இணைய விளம்பரம் ஒன்றின் மூலம் கொழும்பிலுள்ள விற்பனையாளரிடம் கார்ட்டை வாங்கி, அவரே பூட்டியும் இருக்கிறார். அதன் பிறகும் ஓபிஎஸ் ஸ்டூடியோவின் அவுட்புட் அமைப்புகளில் எக்ஸ்264 என்னும் மென்பொருள் என்கோடர் மட்டுமே தெரிந்தது.

கணினியில் இருந்தவை: இன்டெல் ஐ5-6500 புரொசசர், எச்110 மதர்போர்ட், ஒற்றைத் துண்டாக 8 ஜிபி ரேம், 64 பிட் விண்டோஸ் 10, ஓபிஎஸ் 31ஆம் பதிப்பு. இரண்டு கமராக்கள் எச்டிஎம்ஐ கெப்சர் கருவிகள் வழியாக யூஎஸ்பியில் இணைந்திருந்தன. புதிய கார்ட்டின் பெட்டியிலும் அதன் விசிறி மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று அச்சிடப்பட்டிருந்தது. என்விடியா 2016 ஒக்டோபரில் வெளியிட்ட அந்த வகைக் கார்ட்டில் எச்.264 வன்பொருள் என்கோடர் நிச்சயமாக உண்டு.

மூன்று எண்கள்

என்கோடர் ஏன் காணாமற் போனது என்று தேடுவதற்கு முன்னர், படம் திக்கியதற்கு என்கோடர்தான் காரணமா என்பதை உறுதி செய்ய வேண்டியிருந்தது. வெளிநாட்டில் படம் நின்றால் இணையத்தைக் குறை சொல்வது நம் ஊர் வழக்கம். பல வேளைகளில் அது உண்மையும்கூட. ஆனால் ஓபிஎஸ் இதை ஊகத்துக்கு விடுவதில்லை. வியூ பட்டியலில் உள்ள ஸ்டாட்ஸ் பலகத்தில், தவறிய சட்டகங்களை, அதாவது வீடியோவை உருவாக்கும் தனித்தனிப் படங்களை, மூன்று தனித்தனி எண்களாக அது காட்டுகிறது. காட்சியை ஒன்றுசேர்த்து வரையும் வேலையில் கிராபிக்ஸ் கார்ட் பின்தங்கியதால் தவறியவை ஒன்று. என்கோடர் பின்தங்கியதால் தவிர்க்கப்பட்டவை இன்னொன்று. இணைய இணைப்பு ஏற்காததால் கைவிடப்பட்டவை மூன்றாவது. நேரலைத் தொழிலில் உள்ள எவரும் இம்மூன்றையும் பிரித்தறியப் பழக வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் பார்ப்பவருக்கு இவை மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன, ஆனால் பரிகாரம் மூன்றுக்கும் வேறு வேறானது.

என் கடையில் வைத்து, பழைய சடங்கு வீடியோ ஒன்றைக் கமரா உள்ளீட்டுக்குப் பதிலாக ஓடவிட்டு, யூடியூபில் தனிப்பட்ட நேரலையாக அனுப்பிப் பார்த்தேன். இணையத்தால் கைவிடப்பட்டவை பூச்சியத்தில் நின்றன. என்கோடரால் தவிர்க்கப்பட்டவை, பந்தலில் ஆட்கள் நெருங்கி அசையும் காட்சிகளில் விரைவாக ஏறின. ஓபிஎஸ்ஸின் அடிப்பட்டையில் என்கோடிங் ஓவர்லோட் என்ற எச்சரிக்கையும் வந்தது. நான்கு கோர்கள் மட்டுமே உள்ள ஐ5-6500, 1080பி காட்சியை எக்ஸ்264 மூலம் சுருக்கிக்கொண்டே இரண்டு கமராக்களின் தரவையும் கையாளும்போது இப்படி நடப்பதில் வியப்பில்லை. வியப்பளித்தது முதலாவது எண். வரையும் வேலையில் கார்ட் பின்தங்கியதால் தவறிய சட்டகங்கள் சிறிதளவில் ஆனால் விடாமல் கூடிக்கொண்டிருந்தன. இரண்டு கமராப் படங்களையும் ஒரு சின்னத்தையும் ஒரு பெயர்ப் பட்டையையும் சேர்த்து வரைவது உண்மையான 1050 டிஐக்கு ஒரு பொருட்டே அல்ல.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் கணினிகள் சூட்டினால் வேகம் குறைவது இங்கே சாதாரணம் என்பதால், முதலில் சூட்டையே சந்தேகித்தேன். கார்ட்டின் வெப்பநிலை கூடுதலாக இருந்தாலும் வேகத்தைக் குறைக்கும் அளவில் இல்லை. எனவே அந்தச் சந்தேகத்தை விலக்கினேன்.

பட்டியல் எப்படி உருவாகிறது

ஓபிஎஸ்ஸில் ஓர் என்கோடர் தோன்றாவிட்டால், பலர் அமைப்புகளுக்குள் ஏதோ ஒரு விசை அணைந்து கிடக்கிறது என்று எண்ணித் தேடுகிறார்கள். அப்படி ஒரு விசை இல்லை. ஓபிஎஸ் தொடங்கும்போது ஒவ்வொரு என்கோடர் செருகுநிரலும் தனக்குரிய வன்பொருள் இருக்கிறதா என்று டிரைவரிடம் கேட்டுப் பார்க்கிறது. பதில் கிடைத்தால் மட்டுமே தன் பெயரைப் பட்டியலில் பதிவு செய்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சிறு சோதனை நிரல்கள் ஓபிஎஸ்ஸுடன் வருகின்றன. டிரைவர் கோளாறினால் சோதனை நிரல் விழுந்தாலும் ஓபிஎஸ் விழாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. ஆகவே பெயர் வரவில்லை என்பதன் பொருள், கேட்ட கேள்விக்குக் கார்ட்டும் டிரைவரும் இல்லை என்று பதில் சொல்லிவிட்டன என்பதே. விசாரிக்க வேண்டியது அவற்றைத்தான். ஓபிஎஸ்ஸை அழித்து மீண்டும் நிறுவுவதால் அந்தப் பதில் மாறப்போவதில்லை.

இதனுடன் ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். என்கோடரின் பெயர் பட்டியலில் இருந்து, நேரலையைத் தொடங்கும் கணத்தில் பிழைச் செய்தி வந்தால் அது வேறு வகைக் கோளாறு. ஜிபோர்ஸ் வகைக் கார்ட்டுகளில் ஒரே நேரத்தில் எத்தனை குறியாக்க வேலைகளை நடத்தலாம் என்பதற்கு டிரைவரில் ஓர் உச்சவரம்பு உண்டு. நெடுங்காலம் இரண்டாக இருந்த அது 2020இல் மூன்றாகவும், 2023இல் ஐந்தாகவும், பின்னர் எட்டாகவும் உயர்த்தப்பட்டது. வேறொரு பதிவு மென்பொருள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தால் தொடங்கும்போதுதான் தெரியும். பெயரே இல்லாத நிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

என்விடியாவின் என்கோடர் என்பது கிராபிக்ஸ் சில்லுக்குள் தனியாக அமைந்த ஒரு மின்சுற்றுப் பகுதி. 2012இல் வந்த கெப்ளர் தலைமுறையில்தான் அது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய பெர்மி தலைமுறைச் சில்லுகளில் அது கிடையாது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர் மறுத்த இடம்

அடுத்த படி இயல்பாகவே டிரைவர். புதிய ஓபிஎஸ் பதிப்புகள் என்விடியா என்கோடருக்குப் புதிய டிரைவர் இடைமுகத்தை எதிர்பார்க்கின்றன. 470 வரிசை போன்ற பழைய டிரைவர்களில் என்கோடர் சில்லுக்குள் இருந்தாலும் அது பட்டியலுக்கு வராது. எனவே ஜிடிஎக்ஸ் 1050 டிஐக்கு உரிய டிரைவரை என்விடியாவின் தளத்திலிருந்து இறக்கி நிறுவ முயன்றேன். நிறுவி சிறிது நேரம் சோதித்துவிட்டு, பொருத்தமான கிராபிக்ஸ் வன்பொருள் எதையும் காணவில்லை என்று நின்றுவிட்டது.

டிவைஸ் மனேஜரில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயர் தெளிவாக இருக்க, அதற்கென்றே தயாரித்த நிறுவி அப்படி எதுவும் இல்லை என்கிறது. இந்த இடத்தில் விண்டோஸை மாற்றிப் போடலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். உரிமையாளரும் அதைத்தான் கேட்டார். நான் அதற்கு முன்பாக, கார்ட்டுடன் வந்த சீடியையும் அதனுடன் மடித்து வைத்திருந்த தாளையும் கொண்டுவரச் சொன்னேன். தாளில் இரண்டு அறிவுறுத்தல்கள் முக்கியமாக இருந்தன. நிறுவுவதற்கு முன்னர் விண்டோஸின் டிரைவர் கையொப்பச் சோதனையை அணைக்க வேண்டும் என்பது ஒன்று. டிரைவரை எக்காரணம் கொண்டும் புதுப்பிக்கக் கூடாது என்பது மற்றையது.

நேர்மையான எந்தக் கார்ட்டுக்கும் இந்த இரண்டும் தேவைப்படுவதில்லை. டிரைவர் பொதியில் ஐஎன்எப் என்ற எழுத்துக் கோப்பு ஒன்று உண்டு. எந்த அடையாள எண் கொண்ட சில்லை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பைத் திருத்தி எந்தச் சில்லுக்கும் எந்தப் பெயரையும் இடலாம். ஆனால் ஓர் எழுத்தை மாற்றினாலும் பொதியின் கையொப்பம் செல்லாமற் போகும். அதனால்தான் சோதனையை அணைக்கச் சொல்லியிருந்தார்கள். புதுப்பித்தால் உண்மையான ஐஎன்எப் வந்துவிடும். அதனால்தான் இரண்டாவது அறிவுறுத்தல்.

கார்ட்டின் உண்மை அடையாளம்

பெயரை நம்ப முடியாது என்று ஆன பிறகு, எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த எண் ஓபிஎஸ்ஸின் லாக் கோப்பிலேயே இருந்தது. ஹெல்ப் பட்டியலில் லாக் பைல்ஸ் என்ற பகுதியில் நடப்புக் கோப்பைத் திறந்தால், தொடக்க வரிகளில் புரொசசர், நினைவகம், விண்டோஸ் பதிப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து, கணினியிலுள்ள ஒவ்வொரு கிராபிக்ஸ் கருவியின் பெயரும் நினைவக அளவும் பிசிஐ அடையாள எண்ணும் டிரைவர் பதிப்பும் வரிசையாக வரும். இந்தக் கணினியின் லாக்கில் பெயர் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றிருந்தது. அதற்கு நேர் கீழே பிசிஐ எண் 10டிஇ:1244 என்றிருந்தது. முன்பாதியான 10டிஇ என்விடியாவைக் குறிக்கும். இன்டெல் என்றால் 8086, ஏஎம்டி என்றால் 1002 என்று வந்திருக்கும். பின்பாதிதான் சில்லை அடையாளம் காட்டுகிறது. உண்மையான 1050 டிஐயின் எண் 1சி82. 1244 என்பது 2011 மார்ச்சில் வெளியான ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் எண்.

டிரைவர் பதிப்பும் அதையே சொன்னது. விண்டோஸ் அதை 23.21.13.9135 என்று நீளமாக எழுதும். கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்து நடுவில் புள்ளியிட்டால் என்விடியா வழங்கும் எண்ணான 391.35 கிடைக்கும். 2018 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பு பெர்மி தலைமுறைக்கான இறுதி வரிசையைச் சேர்ந்தது. லாக்கில் இன்னும் சற்றுக் கீழே, என்வென்க் ஆதரவு இல்லை என்ற ஒற்றை வரியும் இருந்தது. கார்ட்டைப் பூட்டிய நாளிலிருந்து ஓபிஎஸ் ஒவ்வொரு முறையும் இதை எழுதி வைத்திருக்கிறது. திறந்து பார்ப்பார்தான் இல்லை.

உறுதிப்படுத்துவதற்காக ஜிபியு-இசட் என்னும் இலவச நிரலை ஓட்டினேன். இத்தகைய போலிகள் பெருகியதால் 2018 ஒக்டோபரில் வந்த அதன் 2.12 பதிப்பில் இருந்து, பெயரும் சில்லும் பொருந்தாத என்விடியா கார்ட்டுகளின் பெயருக்கு முன்னால் போலி என்ற ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் அது காட்டுகிறது. இங்கும் காட்டியது. சில்லின் பெயர் ஜிஎப்116, கணிப்புக் கோர்கள் 192, தயாரிப்பு நுட்பம் 40 நானோமீற்றர். 1050 டிஐயில் இருக்க வேண்டியது 14 நானோமீற்றரில் செய்த ஜிபி107 சில்லும் 768 கோர்களும் ஆகும். டாஸ்க் மனேஜரில் கிராபிக்ஸ் கார்ட்டுக்கான வரைபடங்களைத் தெரிவு செய்யும் பட்டியலிலும் வீடியோ டிகோட் இருந்தது, வீடியோ என்கோட் இல்லை.

இனி எந்தக் கருவியும் இல்லாமல் கார்ட்டைக் கையில் எடுத்தவுடனேயே கண்டிருக்கக்கூடிய ஓர் அடையாளத்தைச் சொல்கிறேன். கார்ட்டின் பின்தகட்டில் எச்டிஎம்ஐ, டிவிஐ ஆகியவற்றோடு பதினைந்து துளைகள் கொண்ட நீல நிற விஜிஏ துவாரமும் இருந்தது. 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறையில் என்விடியா அனலொக் வெளியீட்டையே கைவிட்டுவிட்டது. ஆகவே அந்தத் தலைமுறைக் கார்ட்டில் நேரடி விஜிஏ துவாரம் இருப்பதற்கு வழியில்லை. பழைய மொனிட்டரையும் மாட்டலாம் என்று உரிமையாளர் அதைக் கூடுதல் வசதியாகவே கருதியிருந்தார்.

அவர் சம்மதத்துடன் விசிறியைக் கழற்றினேன். நான்கு திருகாணிகளில் இரண்டின் தலைகள் முன்னரே தேய்ந்திருந்தன. சில்லின் மேல் காய்ந்து பொருக்காகிக் கிடந்த வெப்பப் பசையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தபோது ஜிஎப்116-400-ஏ1 என்ற எழுத்துகள் தெரிந்தன. பலகையின் ஓரத்தில் ஆறு முனை மின்னிணைப்பு இருந்தது. 1050 டிஐ 75 வோட்டுக்குள் அடங்குவதால் அதன் பெரும்பாலான வகைகளுக்கு இது தேவைப்படாது, 116 வோட் எடுக்கும் 550 டிஐக்குத் தேவை. பழைய தோணிக்குச் சாயம் பூசிப் புதுப் பெயர் எழுதி விற்ற கதைதான் இது. வாங்கியவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. பெட்டி, ஸ்டிக்கர், விண்டோஸ் காட்டிய பெயர் எல்லாம் ஒரே பொய்யைச் சொல்லும்போது, வேறு என்னத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க முடியாது.

வரையும் வேலையில் கார்ட் பின்தங்கியது ஏன் என்ற கேள்விக்கும் இத்தோடு விடை கிடைத்தது. நினைவகமும் பொய்தான்: 550 டிஐ பெரும்பாலும் 1 ஜிபியுடன்தான் வந்தது. கார்ட்டின் பயோஸைத் திருத்தி 4 ஜிபி என்று சொல்ல வைத்திருந்ததால், பெரிய காட்சித் தொகுப்புகளைத் திறக்கும்போது திரை கறுத்து மீண்டதாக உரிமையாளர் பிறகு நினைவுகூர்ந்தது விளக்கம் பெற்றது.

பரிகாரம்

குளிர்த்திக்கு நாள் நெருங்கிவிட்டதால் வேறு கார்ட்டுக்குக் காத்திருக்க முடியாத நிலை. நல்லவேளையாக, தேடிய பொருள் கணினிக்குள்ளேயே வேறிடத்தில் இருந்தது. ஐ5-6500 புரொசசருக்குள் எச்டி கிராபிக்ஸ் 530 என்னும் இன்டெல்லின் சொந்தக் கிராபிக்ஸ் பகுதி உண்டு. அதற்குள் குயிக்சிங்க் என்னும் வன்பொருள் என்கோடரும் உண்டு. 2011 முதல் இன்டெல் இதைத் தன் புரொசசர்களில் சேர்த்து வருகிறது. தனிக் கார்ட் ஒன்றைப் பூட்டியவுடன் பல மதர்போர்ட்டுகள் இந்த உள்ளகக் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். இங்கும் அதுவே நடந்திருந்தது. ஆக, பாரம் குறைக்க வாங்கிய போலிக் கார்ட், உண்மையான என்கோடரையும் மறைத்துவிட்டது.

தனிக் கார்ட்டை வைத்துக்கொண்டே உள்ளகக் கிராபிக்ஸை எழுப்ப வேண்டுமானால் மதர்போர்ட்டின் பயோஸில் ஐஜிபியு மல்டி-மொனிட்டர் என்பது போன்ற பெயரில் இருக்கும் அமைப்பை இயக்க வேண்டும். இந்தக் கார்ட்டை வைத்திருப்பதால் ஆகப்போவது எதுவும் இல்லை என்பதால், அதைக் கழற்றிவிட்டு மொனிட்டர்களை மதர்போர்ட்டின் துவாரங்களிலேயே மாட்டினேன். எச்110 இரண்டு திரைகளை ஒரே நேரத்தில் இயக்கும். ஸ்டூடியோவுக்கு அதுவே போதும். பழைய டிரைவர் எச்சங்களைப் பாதுகாப்பு நிலையில் டிடியு நிரலைக் கொண்டு துடைத்து, கையொப்பச் சோதனையை மீண்டும் இயக்கி, இன்டெல் டிரைவரை நிறுவினேன். அடுத்த முறை ஓபிஎஸ் திறந்தபோது குயிக்சிங்க் எச்.264 பட்டியலில் இருந்தது.

ஒரு விடயம் இங்கே கவனிக்கத்தக்கது. உள்ளகக் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. ஒற்றைத் துண்டு ரேம் ஒற்றை வழியில் மட்டுமே தரவைக் கொண்டுசெல்வதால் காட்சி வரையும் வேலை அதில் சிக்கிக்கொள்ளும். எனவே அதே அளவிலும் வேகத்திலும் இன்னொரு 8 ஜிபி துண்டைச் சேர்க்கச் சொன்னேன். கல்முனையில் பாவித்த துண்டொன்று கிடைத்தது. இரண்டு வழியாக ஓடத் தொடங்கிய பிறகு, வரையும் வேலையில் தவறும் சட்டகங்கள் இல்லாமற் போயின.

அமைப்புகளில் அடித்தளக் காட்சியை 1080பி ஆகவே விட்டு, வெளியீட்டை 720பி, நொடிக்கு 30 சட்டகம் என்று குறைத்தேன். களத்தில் பாவிப்பது 4ஜி ரவுட்டர் என்பதாலும், சடங்கு நடக்கும் இரவுகளில் ஊரே கைத்தொலைபேசியோடு கோயில் வீதியில் நிற்கும் என்பதாலும் இந்தக் குறைப்பு. பிட் வீதம் நிலையான 3,000 கிலோபிட், முதன்மைச் சட்டக இடைவெளி யூடியூப் பரிந்துரைக்கும் 2 நொடி. என்கோடர் அவ்வப்போது தானாக இடைவெளியைத் தெரிவு செய்ய விட்டால் யூடியூப் எச்சரிக்கை காட்டும் என்பதால் இதைக் கையால் இட வேண்டும். ஒரே பிட் வீதத்தில் எக்ஸ்264இன் மெதுவான நிலைகள் குயிக்சிங்க்கைவிடச் சற்றுத் தெளிவான படத்தைத் தரும் என்பது உண்மை. ஆனால் சட்டகம் தவறும் தெளிவான படத்தைவிட, தவறாத படமே நேரலைக்கு வேண்டியது. மீண்டும் அதே சடங்கு வீடியோவை ஓட்டியபோது மூன்று எண்களும் பூச்சியத்தில் நின்றன.

இதே அறிகுறி, வேறு காரணங்கள்

போலிக் கார்ட் என்பது இக்குறைபாட்டின் அடிக்கடி வரும் காரணம் அல்ல. சில கார்ட்டுகள் நேர்மையானவையாக இருந்தும் என்கோடர் அற்றவை. பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்த ஜிடி 1030இல் என்கோடர் இல்லை. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் பெர்மிச் சில்லுடன் ஒன்றும் கெப்ளர்ச் சில்லுடன் இன்னொன்றும் விற்கப்பட்டன. முன்னதில் இல்லை, பின்னதில் உண்டு. மடிக்கணினிகளில் வரும் என்விடியாவின் எம்எக்ஸ் வரிசையில் பலவற்றிலும் அது இல்லை. ஏஎம்டியின் பக்கத்தில் 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய இரண்டிலும் வன்பொருள் என்கோடர் நீக்கப்பட்டுள்ளது. இன்டெல் புரொசசரின் பெயர் எப் என்ற எழுத்தில் முடிந்தால், ஐ5-10400எப் போன்றவற்றில், உள்ளகக் கிராபிக்ஸ் இல்லாததால் குயிக்சிங்க்கும் இல்லை.

கார்ட் சரியாக இருந்து, விண்டோஸ் அதை மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே என்ற பொது டிரைவரில் ஓட்டிக்கொண்டிருந்தாலும் பெயர் வராது. படம் திரையில் தெரிவதால் டிரைவர் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். சுருக்கப்பட்ட விண்டோஸ் பதிப்புகளைப் போடுவதும், ஓபிஎஸ்ஸின் சோதனை நிரல்களை வைரஸ் தடுப்பு மென்பொருள் முடக்குவதும் இதே விளைவைத் தரக்கூடும். விண்டோஸின் தொலைத் திரை வழியாக இணைந்துகொண்டு ஓபிஎஸ்ஸைத் திறந்து பார்த்து முடிவுக்கு வருவதையும் தவிர்க்க வேண்டும். அந்த அமர்வில் கிராபிக்ஸ் கருவி வேறாகத் தெரியலாம். இவை எல்லாவற்றிலும் லாக் கோப்பின் முதல் பகுதியே வழியைக் காட்டும்.

அடுத்த கார்ட்

விற்பனையாளருக்கு லாக் வரிகளையும் ஜிபியு-இசட் திரைப்பிடிப்பையும் சில்லின் புகைப்படத்தையும் அனுப்பினோம். முதலில் மறுத்த அவர், சில்லின் படத்தைக் கண்ட பிறகு பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். கார்ட்டைத் திரும்ப அனுப்பச் சொன்னதற்கு உரிமையாளர் இணங்கவில்லை. இன்னொருவர் தலையில் அதைக் கட்டுவார்கள் என்பது அவர் வாதம், அதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது கமரா ஒன்றைச் சேர்க்கும் திட்டம் அவரிடம் இருப்பதால், உண்மையான கார்ட் ஒன்று பின்னர் தேவைப்படும். அசல் 1050 டிஐயையே மலிவாக எடுக்கலாமா என்று கேட்டார். நான் ஊக்கப்படுத்தவில்லை. மெக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கான வழமையான டிரைவர் புதுப்பிப்புகளை 2025 ஒக்டோபருடன் நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். டிரைவர் ஓரிடத்தில் நின்றுவிட்டால், கெப்ளருக்கு நேர்ந்ததைப் போல, என்கோடர் சில்லுக்குள் உயிரோடு இருக்கும்போதே புதிய ஓபிஎஸ் பதிப்பில் அதன் பெயர் மறைந்துவிடும். ஜிடிஎக்ஸ் 1650 அல்லது அதற்குப் பிந்தியது அவர் வேலைக்குப் பொருந்தும். 1650இன் தொடக்க வகைகளில் என்கோடர் ஒரு தலைமுறை பழையது என்றாலும், எச்.264 நேரலைக்கு அது குறையாகத் தெரியாது.

இப்போது மட்டக்களப்பு நகரில் பாவித்த 1650 ஒன்றை அவர் பேசி வைத்திருக்கிறார். விற்பவரிடம் பெட்டியின் படத்தைக் கேட்காமல், கார்ட்டைப் பூட்டிய கணினியில் ஓபிஎஸ்ஸைத் திறந்து லாக் கோப்பை அனுப்பும்படி கேட்டிருக்கிறார்.